மேசை இழுப்பறையில் ஒரு கால இயந்திரம்

‘டோரேமான்’ இருபத்திரண்டாம் நூற்றாண்டிலிருந்து வந்த ஒரு நீலநிறப் பூனை ரோபோவின் கதை. தோக்கியோவின் ஒரு சாதாரண வீட்டில், நோபிதா என்ற பள்ளிச் சிறுவனோடு அது ஒரே அறையில் வாழ்கிறது. பையனுக்குப் படிப்பு ஏறாது, ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வருவான், பந்தை அடிக்கத் தெரியாது, வீட்டுப்பாடத்தை எடுத்தாலே தூக்கம் வரும். அவனைத் தேற்றி ஆளாக்குவதுதான் ரோபோவுக்கு இடப்பட்ட வேலை. 1969 டிசம்பரில் படக்கதையாகத் தொடங்கிய இது 1973இல் முதன்முறையாகத் தொலைக்காட்சிக்கு வந்தது. 1979இல் இரண்டாம் முறை வந்த பிறகு இன்றுவரை தொலைக்காட்சியை விட்டு இறங்கவில்லை.

பூனையின் வயிற்றுப் பையிலிருந்து வரும் விதவிதமான கருவிகள்தான் தொடரைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வரும். தலையில் ஒட்டிக்கொண்டு பறக்க உதவும் சின்ன விசிறி, நினைத்த இடத்துக்குத் திறக்கும் கதவு என்று அவற்றுக்கு எண்ணிக்கையே இல்லை. ஆனால் கதையின் அச்சாணி அந்தப் பை அல்ல, நோபிதாவின் படிப்பு மேசையில் இருக்கும் இழுப்பறை. அதைத் திறந்தால் புத்தகமும் பென்சிலும் இருக்காது. கீழே காலத்தின் சுரங்கம் ஓடும். பிள்ளை உட்கார மறுக்கும் அதே மேசையில் இந்த வாசலை வைத்தது அருமையான யோசனை.

முதல் கதை புத்தாண்டு நாளில் தொடங்குகிறது. நோபிதா அறையில் நிம்மதியாக இருக்கிறான், இந்த வருடம் நல்லபடியாகப் போகும் என்று நினைத்துக்கொள்கிறான். எங்கிருந்தோ ஒரு குரல் அப்படியெல்லாம் இல்லை என்கிறது. இன்னும் முப்பது நிமிடத்தில் அவன் தூக்கில் தொங்குவான், நாற்பது நிமிடத்தில் நெருப்பில் வாட்டப்படுவான் என்று சொல்கிறது. பிறகு இழுப்பறை தானாகத் திறக்கிறது, வட்டத் தலையோடு டோரேமான் வெளியே வருகிறது. அதன் பின்னால் ஒரு சிறுவன் வருகிறான். பெயர் செவாஷி, நோபிதாவுக்குப் பேரனின் பேரன், அதாவது எள்ளுப்பேரன். குரல் சொன்ன இரண்டும் அன்றைக்கே பலிக்கின்றன, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத வேடிக்கையான வகையில்.

எள்ளுப்பேரன் வந்த காரியம் வேடிக்கையானது அல்ல. அவன் கையில் ஒரு புகைப்பட ஆல்பம். நோபிதாவின் எதிர்காலம் முழுவதும் அதில் இருக்கிறது. பரீட்சைகளில் தோற்கிறான். தெருவையே மிரட்டும் ஜியானின் தங்கை ஜைகோவைக் கல்யாணம் செய்துகொள்கிறான். சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான். 1993இல் பட்டாசு விளையாட்டில் அந்த நிறுவனம் எரிந்துபோகிறது, 1995இல் திவாலாகிறது. விட்டுப்போன கடன் நூறு வருடம் கழித்தும் தீரவில்லை. புத்தாண்டுக்குப் பெரியவர்கள் கையில் கொடுக்கும் காசு, செவாஷிக்கு வெறும் ஐம்பது யென்தான் கிடைத்ததாம். மூத்தவர் பட்ட கடன் பிள்ளைகளின் தலையில் விடிகிறது என்பது எந்த ஊர்க் குடும்பத்துக்கும் புரியும் கணக்கு. 1970இல் இதைப் படித்த பிள்ளைகளுக்கு 1993 தொலைதூர எதிர்காலம். இன்று படிப்பவர்களுக்கு அது அப்பா அம்மாவின் பால்யம்.

நோபிதா உடனே ஒரு கேள்வி கேட்கிறான். தன் விதி மாறினால், ஜைகோவுக்குப் பதிலாகத் தான் விரும்பும் ஷிசுகாவை மணந்தால், செவாஷி பிறக்கவே மாட்டானே? காலப்பயணக் கதை எழுதும் எவரும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் சுவர் இது. செவாஷியின் பதில்: இது ஒசாகாவுக்குப் போகும் பயணத்தைப் போன்றது. எத்தனையோ வாகனங்களில் போகலாம், எத்தனையோ வழிகளில் போகலாம். திசை சரியாக இருந்தால் எதில் ஏறினாலும் ஒசாகா வந்துசேரும். மரபியல் தெரிந்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் மனத்தில் எழும் சந்தேகத்தை மறைக்காமல், முதல் கதையிலேயே அதைக் கேட்க வைத்து, பிள்ளைக்குத் தெரிந்த வாகனங்களைக் கொண்டே பதில் சொன்ன நேர்மை பெரிது.

இதை எழுதி வரைந்தவர் ஃபுஜிமோட்டோ ஹிரோஷி. ‘ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ’ என்பது அவருடைய புனைபெயர். 1933 டிசம்பர் 1 அன்று ஜப்பானின் தொயாமா மாவட்டத்தில் தகாஓகா நகரில் பிறந்தார். தொடக்கப் பள்ளியில் அவருக்கு அபிகோ மொட்டோ என்ற நண்பர் வாய்த்தார். இருவருக்கும் வரைவதில் பைத்தியம். ஒசாமு தெசுகாவின் படக்கதைகளைப் படித்து, இதுவே நம் தொழில் என்று முடிவுசெய்தார்கள். 1954இல் தோக்கியோ வந்து, பின்னாளில் பெயர்பெற்ற பல படக்கதைக் கலைஞர்கள் வாடகைக்கு இருந்த தோகிவா-சோ என்ற மரக் கட்டடத்தில் தங்கினார்கள். ‘ஃபுஜிகோ ஃபுஜியோ’ என்ற ஒரே பெயரில் இருவரும் 1987வரை எழுதினார்கள். பிறகு பெயரை மட்டும் பிரித்துக்கொண்டார்கள். டோரேமான் முழுக்க ஃபுஜிமோட்டோவின் படைப்பு.

அது பிறந்த விதத்தை அவரே பின்னாளில் ஒரு குட்டிப் படக்கதையாக வரைந்திருக்கிறார். புதுத் தொடர் வரப்போவதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்துவிட்டது, கதை மட்டும் கையில் இல்லை. கெடு நெருங்குகிறது. யோசனையைத் தானே கொண்டுவந்து கொடுக்கும் ஒரு இயந்திரம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்குகிறார். முன்பொரு நாள் வேலையைப் போட்டுவிட்டு ஒரு தெருப்பூனைக்குத் தெள்ளுப்பூச்சி எடுத்துக்கொண்டிருந்த நினைவு வருகிறது. விடிந்ததும் அலறிக்கொண்டு எழுந்து ஓடும்போது மகளின் பொம்மை காலில் தட்டுகிறது. எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்து நிற்கும், நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் இனத்தைச் சேர்ந்த உருண்டைப் பொம்மை அது. பூனையும் பொம்மையும் இயந்திரமும் ஒன்றாகச் சேர்ந்தன. பெயரிலும் அந்தத் தெருப்பூனை இருக்கிறது: ‘டோரா’ ஊர்சுற்றிப் பூனையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, ‘எமோன்’ பழைய காலத்து ஆண்பெயர்களின் விகுதி. எதிர்கால ரோபோவுக்குத் தாத்தா காலத்துப் பெயர்.

தொடர் வெளிவந்த முறையையும் சொல்லியாக வேண்டும். ஷோகாகுகான் பதிப்பகம் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாக ஒரு மாத இதழ் நடத்திவந்தது. மழலையருக்கான இதழ்கள் தொடங்கி நான்காம் வகுப்பு இதழ்வரை ஆறு இதழ்களில், 1970 ஜனவரி இதழில் ஒரே சமயத்தில் டோரேமான் தொடங்கியது. ஆறிலும் ஒரே கதை அல்ல. வாசிக்கும் பிள்ளையின் வயதைப் பார்த்து ஆறு வெவ்வேறு தொடக்கங்களை ஃபுஜிமோட்டோ வரைந்தார். சின்னவர்களுக்குச் சொற்கள் குறைவு, படம் பெரிது. பெரியவர்களுக்குக் கடன், விதி, கால முரண் எல்லாம் உண்டு. 2019இல், ஐம்பதாவது ஆண்டை ஒட்டி, அந்த ஆறு முதல் கதைகளையும் ஒன்றாகச் சேர்த்து ‘பூஜ்யம்’ என்று எண்ணிட்ட தொகுதியாக வெளியிட்டார்கள். அதற்கு முன்பே 1974 முதல் 1996வரை வந்த 45 தொகுதிகள் ஜப்பானில் மட்டும் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தன.

வகுப்பு இதழ் என்ற ஏற்பாட்டில் ஒரு சங்கடம் இருந்தது. மார்ச்சில் பள்ளி ஆண்டு முடியும். நான்காம் வகுப்பு முடித்த பிள்ளை ஐந்தாம் வகுப்பு இதழை வாங்கினால் அதில் டோரேமான் அப்போது இல்லை. அந்தப் பிள்ளைகளுக்காக ஃபுஜிமோட்டோ விடைபெறும் கதைகளை எழுதினார். 1971 மார்ச் கதையில், எதிர்காலத்திலிருந்து வரும் சுற்றுலாக்காரர்கள் கடந்த காலத்தில் செய்யும் அட்டகாசம் தாங்காமல் காலப்பயணத்துக்கே சட்டம் போட்டுத் தடை விதிக்கிறார்கள், டோரேமான் ஊர் திரும்புகிறது. 1974 மார்ச்சில் மூன்றாம் வகுப்பு இதழில் வந்த ‘போய் வா டோரேமான்’ விடைபெறும் கதைகளிலேயே ஆகச் சிறந்தது. மறுநாள் டோரேமான் கிளம்ப வேண்டும். இரவில் நோபிதா ஜியானிடம் மாட்டிக்கொள்கிறான். கருவி எதுவும் இல்லாமல், யாரையும் கூப்பிடாமல், அடி வாங்கி விழுந்து எழுந்து மறுபடி போய்க் காலைப் பிடித்துக்கொள்கிறான். தன்னால் தனியாக ஒரு சண்டையைச் சமாளிக்க முடியாவிட்டால் டோரேமான் நிம்மதியாகப் போகாது என்பது அவன் எண்ணம். கடைசியில் ஜியானே அலுத்துப்போய் ஒதுங்கிவிடுகிறான். முகம் வீங்கித் தூங்கும் நோபிதாவின் படுக்கை அருகே டோரேமான் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறது. காலையில் அறையில் அவன் மட்டும்தான். ஏப்ரலில் நான்காம் வகுப்பு இதழை வாங்கிய அதே பிள்ளைகளுக்கு, டோரேமான் திரும்பி வந்தது.

இனி அந்தக் கால இயந்திரம். பளபளக்கும் விண்கலம் எல்லாம் இல்லை. தரைவிரிப்பு அளவுக்கு ஒரு பலகை, அதன்மேல் ஓர் இயக்குப் பெட்டி, ஒரு விளக்கு, அவ்வளவுதான். சுற்றிலும் வளைந்து நெளிந்த கடிகாரங்கள் மிதக்கும் சுரங்கத்தில் அது பறக்கிறது. இறங்கும் இடத்தில் வானத்தில் ஒரு ஓட்டை திறக்கும். இதுபோக, போர்த்திய பொருளைப் பழசாகவோ புதிதாகவோ ஆக்கும் காலத்துணி உண்டு; எந்தக் காலத்தையும் இருந்த இடத்திலிருந்தே காட்டும் தொலைக்காட்சியும் உண்டு. அறிவியல் புனைகதையைக் குறிக்கும் எஸ்.எஃப். என்ற இரண்டு எழுத்துகளுக்கு ஃபுஜிமோட்டோ தம் மொழியிலேயே வேறு விரிவு தந்தார்: ‘சுகோஷி ஃபுஷிகி’, அதாவது ‘கொஞ்சம் விசித்திரம்’. எல்லாம் மாறிய உலகம் அவருக்கு வேண்டியதில்லை. ஓடு வேய்ந்த வீடு, பாய் விரித்த அறை, மூன்று சிமெண்ட் குழாய்கள் அடுக்கிக் கிடக்கும் காலி மனை, இவற்றின் நடுவே ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தால் போதும். அந்தச் சிமெண்ட் குழாய்கள்கூடக் கற்பனை அல்ல. தோக்கியோ வேகமாக வளர்ந்த காலத்தில் கட்டுமானத்துக்குக் கொண்டுவந்து போட்டிருந்த குழாய்களின் மேல் அக்காலப் பிள்ளைகள் உண்மையிலேயே ஏறி விளையாடினார்கள்.

காலத்தோடு விளையாடினால் என்ன சிக்கல் வரும் என்பதை இத்தொடர் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்வதில்லை, நடத்திக் காட்டுகிறது. ஒரு கதையில் நோபிதா வீட்டுப்பாடத்தை டோரேமானின் தலையில் கட்டிவிட்டுத் தூங்கப் போகிறான். தனியாகச் செய்து முடியாது என்று தெரிந்ததும் டோரேமானுக்கு ஒரு யோசனை: இரண்டு மணி நேரத்துக்குப் பிந்தைய தன்னையே கூட்டிவந்தால் என்ன? நான்கு, ஆறு, எட்டு மணி நேரத்துக்குப் பிந்தையவர்களும் வந்தால் ஐந்து பேராகிவிடும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வந்தவர்கள் எல்லாம் கண்ணில் தூக்கத்தோடும் உடம்பில் காயத்தோடும் எரிந்து விழுகிறார்கள். ஐவருக்குள் அடிதடி ஆகிறது. எப்படியோ வேலை முடிந்து டோரேமான் படுக்கிறது. அப்போதுதான் முன்னிரவிலிருந்து வந்த தானே தன்னைப் பிடித்து இழுக்கிறது. வரமாட்டேன் என்று கத்தினாலும் விடுவதாக இல்லை. ஒருமுறை செய்த அதே வேலையை, அதே அடிகளோடு, நான்கு முறை மறுபடி செய்தாக வேண்டும். நேரத்தைக் கடனாக வாங்கினால் வட்டியோடு கட்டவேண்டும் என்று எந்தப் பாத்திரமும் சொல்லவில்லை. பார்க்கும் பிள்ளைக்குச் சொல்லவும் தேவையில்லை.

தொடரின் மனத்தைத் தொடும் கதைகளில் இயந்திரம் வரலாற்று நாயகர்களைத் தேடிப் போவதில்லை, சொந்த வீட்டுக்குத்தான் போகிறது. ‘பாட்டியின் நினைவுகள்’ கதையில், கிழிந்து ஒட்டுப்போட்ட ஒரு பழைய கரடிப் பொம்மை நோபிதாவின் கையில் கிடைக்கிறது. ஒட்டுப் போட்டுத் தைத்தவள் பாட்டி. அவன் பாலர் பள்ளிப் பருவத்தில் இருந்தபோதே இறந்துவிட்டாள். ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அழுது கெஞ்சி அந்தக் காலத்துக்குப் போகிறான். அங்கே அவனுடைய சின்ன வயது உருவம் பாட்டியைப் படுத்திக்கொண்டிருக்கிறது. கண்ணாடி போட்ட இந்தப் பெரிய பையன் யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பாட்டி மட்டும் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுகிறாள். பேரன் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. நோபிதா இயந்திரத்தில் ஓடிப்போய்த் தன் பையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். தான்தான் அந்தப் பேரன் என்கிறான். அவளுக்கு அது முன்பே தோன்றிவிட்டது. பாட்டி பேரனைச் சந்தேகிப்பாளா?

அத்தோடு விட்டிருந்தால் கண்ணீர்க் கதையாக முடிந்திருக்கும். பையோடு பார்த்த பாட்டிக்கு இன்னொரு ஆசை முளைக்கிறது: பேரன் பெண்டாட்டியையும் பார்த்துவிட்டால் நன்றாயிருக்குமே! நோபிதா தன் காலத்துக்குப் பறந்து போய், ஷிசுகாவிடம் இப்போதே என்னைக் கல்யாணம் செய்துகொள் என்று நிற்கிறான். பாட்டிகளுக்கே உரிய அந்த அடுத்த ஆசையைச் சேர்த்த இடத்தில்தான் ஃபுஜிமோட்டோ பெரிய கலைஞர். இக்கதை 2000இல் குறும்படமாகவும், 2020இல் ‘ஸ்டாண்ட் பை மீ டோரேமான் 2’ என்ற கணினி வரைகலைப் படத்தின் அடித்தளமாகவும் ஆனது.

‘நான் பிறந்த நாள்’ கதையும் இந்த வரிசையில் வைக்கவேண்டியது. வீட்டில் திட்டு வாங்கிய கோபத்தில், தான் இவர்கள் பெற்ற பிள்ளையே இல்லை என்று நோபிதாவுக்குத் தோன்றுகிறது. உண்மையைக் கண்டுபிடிக்க 1964 ஆகஸ்ட் 7க்குப் போகிறான். அங்கே மருத்துவமனையில் இளம் தாயும் தகப்பனும் சிவந்து சுருங்கிய ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு பூரித்துப்போய் இருக்கிறார்கள். செடிபோலத் தடையில்லாமல் நீண்டு வளரவேண்டும் என்று, ‘நோபி’ என்ற வளர்ச்சிச் சொல்லை வைத்து அப்பா பெயர் சூட்டுகிறார். அவர்கள் அடுக்கும் கனவுகளைக் கேட்கக் கேட்க மறைந்து நிற்கும் பையனுக்குக் கூச்சமாகிறது. ‘கல்யாணத்துக்கு முந்தின இரவு’ கதை இயந்திரத்தை எதிர்த் திசையில் ஓட்டுகிறது. வளர்ந்த நோபிதா தேதியைத் தப்பாக எண்ணி, ஒரு நாள் முன்னதாகவே தன் கல்யாணத்துக்கு வந்து நிற்கிறான். அந்த வயதிலும் அவன் மாறவில்லை. அன்றிரவு கலங்கி நிற்கும் ஷிசுகாவிடம் அவள் அப்பா சொல்கிறார்: அடுத்தவர் மகிழ்ச்சியை வேண்டவும், அடுத்தவர் துயரத்தில் வருந்தவும் தெரிந்தவன் அவன், அதுவே மனிதனுக்கு முக்கியம். மதிப்பெண் அட்டையில் பூஜ்யம் வாங்கும் பையனைப் பற்றி, அவன் காதுபட, ஒரு பெரியவர் சொல்லும் நற்சான்று அது.

வரலாறு நுழையும் இடங்களிலும் வாசல் வீட்டுக்குள்தான் இருக்கிறது. இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு உறவுக்காரர் நோபிதாவிடம் தன் சிறுவயதைச் சொல்கிறார். மிருகக்காட்சிசாலையில் ஹனாவோ என்ற யானையோடு அவருக்கு அத்தனை நெருக்கம். போர் வந்தபோது அதைக் கொன்றுவிட்டார்கள். கோபம் தாங்காத நோபிதாவும் டோரேமானும் போர்க்காலத்துக்குப் போகிறார்கள். எலும்பும் தோலுமாக நிற்கும் யானையைச் சின்னதாக்கி, தபால் ராக்கெட்டில் வைத்து, அதன் தாய்நாடான இந்தியாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். திரும்பி வந்தால் அதே பெரியவர் கதையைத் தொடர்கிறார்: இந்தியக் காட்டில் வழி தவறி மயங்கிக் கிடந்தபோது ஒரு யானை தன்னைச் சுமந்துபோய் ஊருக்கு அருகில் விட்டது, அது ஹனாவோவேதான், கனவாகத்தான் இருக்கவேண்டும் என்கிறார். நோபிதாவுக்கும் டோரேமானுக்கும் மட்டும் அது கனவில்லை என்று தெரியும்.

இக்கதைக்குப் பின்னால் இருப்பது நடந்த சம்பவம். 1943இல், குண்டுவீச்சில் விலங்குகள் தப்பி ஓடிவிடலாம் என்று சொல்லி, தோக்கியோவின் உஎனோ மிருகக்காட்சிசாலையில் ஆபத்தான விலங்குகளைக் கொல்ல உத்தரவு வந்தது. ஜான், தோங்கி, வான்லி என்று மூன்று யானைகள். நஞ்சு கலந்த உருளைக்கிழங்கை அவை தொடவில்லை. கடைசியில் தீனி போடாமல் பட்டினியால் சாகவிட்டார்கள். தீனி கிடைக்கும் என்ற நம்பிக்கையில், பழக்கிய வித்தைகளைச் செய்துகாட்டியபடியே அவை செத்தன. போர் முடிந்து, யானையே இல்லாத நகரத்தில் வளர்ந்த தோக்கியோ பிள்ளைகள் யானை வேண்டும் என்று ஜவாஹர்லால் நேருவுக்கு எழுதினார்கள். 1949 செப்டம்பரில் மைசூரிலிருந்து ஒரு யானை உஎனோ வந்து சேர்ந்தது. நேரு அதற்குத் தம் மகளின் பெயரையே வைத்திருந்தார்: இந்திரா. 1983வரை அது அங்கே வாழ்ந்தது. கதையில் யானை ஜப்பானிலிருந்து இந்தியாவுக்குப் பறந்தது. நிஜத்தில் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது.

திரைப்படங்களுக்கு வந்தால் பயணம் நீள்கிறது. 1980 மார்ச்சில் வந்த முதல் படம் ‘நோபிதாவின் டைனோசர்’. 1975இல் எழுதிய ஒரு சிறிய கதையின் விரிவு. நண்பன் சுனியோ தன் வீட்டுப் புதைபடிவத்தைக் காட்டிப் பெருமையடிக்க, நோபிதா முழு டைனோசரையே கொண்டுவருகிறேன், முடியாவிட்டால் மூக்கால் ஸ்பகெட்டி சாப்பிடுகிறேன் என்று சபதம் போடுகிறான். தோண்டியெடுத்த முட்டைக் கல்லைக் காலத்துணியால் மூட, அது உயிருள்ள முட்டையாகிறது. போர்வைக்குள் வைத்து அடைகாத்து அவன் பொரிக்கும் குட்டிக்குப் பெயர் பீசுகே. வளர்ந்து வளர்ந்து குளத்தில் அடங்காமல் போன பிறகு, 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் கொண்டுபோய் விடவேண்டிய நாள் வருகிறது. பெற்றவர் மனநிலையில் முதன்முறையாக நோபிதா நிற்கும் இடம் அது.

பீசுகே ‘ஃபுதாபா சுசுகி ரியூ’ என்ற இனம். 1968இல் ஃபுகுஷிமா மாவட்டத்து இவாகி நகரில் சுசுகி தாதாஷி என்ற உயர்நிலைப் பள்ளி மாணவர் கண்டெடுத்த புதைபடிவம் அது. டைனோசர் வேட்டைக்குப் பெரிய விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை என்று அன்றைய ஜப்பானியப் பிள்ளைகளை நம்பவைத்த செய்தி. நீண்ட கழுத்தும் துடுப்புக் கால்களும் கொண்ட இந்தக் கடல்வாழ் ஊர்வன முறைப்படி டைனோசர் வகையில் சேராது, பிளெசியோசர் எனப்படும். இதற்கு ஃபுதாபாசாரஸ் என்று அறிவியல் பெயர் சூட்டப்பட்டது 2006இல். அதே ஆண்டு இந்தப் படத்தையும் புதிதாக எடுத்தார்கள். பிளெசியோசர்கள் முட்டையிடவில்லை, குட்டி போட்டன என்பதற்கான சான்று 2011இல் வெளியானது. வயிற்றில் கருவோடு கிடைத்த வேறோர் இனத்தின் எலும்புக்கூடு அதைக் காட்டியது. அறிவியல் நகர்ந்துவிட்டது, பீசுகேயின் முட்டை மட்டும் 1975இலேயே நிற்கிறது. அன்று தெரிந்ததை வைத்து எழுதியவர்மேல் இதில் குற்றமில்லை.

அதற்குப் பிறகு பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு படம். 1989இல் வந்த ‘ஜப்பான் பிறந்த கதை’யில் வீட்டை விட்டு ஓட நினைத்த நோபிதா, டோரேமான், ஷிசுகா, ஜியான், சுனியோ ஐவரும், மனிதர் யாரும் குடியேறாத 70,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஜப்பானுக்கே போய்விடுகிறார்கள். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் நிகழ்காலத்தில் எங்கும் இல்லை என்பது அவர்கள் கண்டுபிடித்த காரணம்.

தொலைக்காட்சியில் தொடக்கம் சரியாக அமையவில்லை. 1973 ஏப்ரலில் நிப்பான் டிவியில் வந்த முதல் தொடர் ஆறே மாதத்தில் நின்றுபோனது. 1979 ஏப்ரல் 2 அன்று டிவி அசாஹி நிலையத்தில், ஷின்-எய் நிறுவனத்தின் தயாரிப்பில் மறுபடி வந்தபோது, வார நாட்களில் மாலை பத்தே நிமிடம் ஓடும் சின்ன நிகழ்ச்சியாகத்தான் இருந்தது. ஒரு கதை, ஒரு கருவி, ஒரு சிக்கல், முடிந்தது. சாப்பாட்டுக்கு முன் பார்த்துவிட்டு எழுந்திருக்கலாம். இந்த அளவுதான் அதற்குப் பொருந்தியது. நோபுயோ ஓயாமாவின் கரகரத்த குரல் டோரேமானுக்கு அமைந்தது. பூனைக்குக் குழந்தைக் குரலும் இல்லாமல், இயந்திரக் குரலும் இல்லாமல், கண்டிக்கவும் கொஞ்சவும் தெரிந்த ஒரு அத்தையின் குரல் போல அது ஒலித்தது. 2005 மார்ச்வரை இருபத்தாறு ஆண்டுகள் அவரே பேசினார். அவ்வாண்டு ஏப்ரலில் முக்கியக் குரல்கள் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றி, வாசாபி மிசுதாவிடம் டோரேமானைக் கொடுத்தார்கள். ஒரு தலைமுறைக்கு அது வீட்டில் ஒருவர் மாறியது போன்ற அதிர்ச்சி. ஓயாமா 2024 செப்டம்பரில் காலமானார்.

இந்தியாவில் 2005இல் இந்திக் குரலோடு நுழைந்தது, பிறகு தமிழிலும் பேசியது. அடுத்த வீட்டு வங்கதேசத்தில் அது வேறு பிரச்சினை ஆனது. இந்தி டோரேமான் பார்த்தே பிள்ளைகள் இந்தி பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று கவலை எழுந்து, 2013இல் அந்நாட்டு அரசு ஒளிபரப்பைத் தடுத்தது. பெற்றோர்களிடம் நெடுநாளாக இருக்கும் குறை இன்னொன்று: எதற்கெடுத்தாலும் கருவி கேட்டு அழும் சோம்பேறிப் பையன் பிள்ளைகளுக்கு நல்ல எடுத்துக்காட்டா? இந்தக் குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் முழுக்கதையையும் பார்த்தால், குறுக்கு வழியில் பயன்படுத்திய கருவி பெரும்பாலும் கடைசிக் காட்சியில் நோபிதாவின் தலையிலேயே விடிகிறது. அவன் விதி மாறும் இடங்களில், அடிபட்டு எழுந்த அந்த இரவைப்போல, கையில் கருவி இருப்பதில்லை. அலுத்துப் பார்க்கும் பெற்றோர் பிள்ளையோடு ஒரு கதையை முடிவுவரை உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

1996 செப்டம்பர் 23 அன்று ஃபுஜிமோட்டோ இறந்தார், வயது 62. மறு ஆண்டுப் படத்துக்கான கதையை வரைந்துகொண்டிருந்தபோது வேலை மேசையிலேயே நினைவிழந்தவர் மீளவில்லை. மிச்சத்தை அவரிடம் வேலை பார்த்தவர்கள் முடித்தார்கள். தொடருக்கு அவர் கடைசி அத்தியாயம் எழுதிவைக்கவில்லை. அவர் வாழ்ந்த கவாசாகி நகரில் 2011 செப்டம்பர் 3 அன்று அவர் பெயரில் அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்த மேசை அங்கே இருக்கிறது.

செப்டம்பர் 3 டோரேமானின் பிறந்தநாள். கதைப்படி அது 2112 செப்டம்பர் 3 அன்று தொழிற்சாலையில் செய்யப்பட்டது. உயரம் 129.3 சென்டிமீட்டர், எடை 129.3 கிலோ, எலியைக் கண்டால் துள்ளும் உயரமும் 129.3 சென்டிமீட்டர். கதை எழுதிய காலத்து நான்காம் வகுப்புப் பிள்ளையின் சராசரி உயரம் அது. வாசிக்கும் பிள்ளையைக் குனிந்து பார்க்காமல் நேருக்கு நேர் பார்க்கவேண்டும் என்பதற்காக வைத்த அளவு. 2012 செப்டம்பர் 3 அன்று, பிறப்பதற்குச் சரியாக நூறு ஆண்டு முன்னால், கவாசாகி நகராட்சி டோரேமானுக்குச் சிறப்புக் குடியிருப்புச் சான்றிதழ் வழங்கியது.